அண்டை வீட்டுச் சூரியன்

வைகாசி மாதத்து இரவு. மணி சுமார் பத்து. பகலெல்லாம் வாட்டியெடுத்த வெயிலின் வெக்கை மெல்லத் தணிந்து, கடற்காற்று வீசத் தொடங்கியிருக்கிறது. குழந்தை குட்டிகளோடு மொட்டை மாடிக்குச் சென்று பாயை விரித்துப் படுக்கும் வழக்கம் நம்மவர்களிடம் இன்னும் அடியோடு மறைந்துவிடவில்லை. அவ்வாறு படுத்திருக்கும் வாசகர்கள் சற்றே எழுந்து உட்கார்ந்து தெற்கு நோக்கிப் பார்க்க வேண்டும். தென்னை மரங்களும் அடுத்த வீட்டுச் சுவர்களும் மறைக்காமலிருந்தால், அடிவானத்துக்குச் சற்று மேலே, பிரகாசமான இரண்டு நக்ஷத்திரங்கள் அருகருகே நிற்பதைக் காணலாம். அவற்றுள் இடப்புறமாக, அதாவது கிழக்கே இருப்பதுதான் ஒளி மிக்கது. மேல்நாட்டு வானநூலார் அதற்கு ஆல்பா ஸெண்டாரி என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

நாம் இன்று சொல்ல வந்தது அந்த நக்ஷத்திரத்தைப் பற்றியன்று. அதற்கு அருகே, பூரண சந்திரனின் அகலத்தைப் போல் நாலு மடங்குக்குச் சற்று அதிகமான இடைவெளியில், வெறுங் கண்ணுக்குப் புலப்படாத சின்னஞ் சிறு சிவப்பு நக்ஷத்திரம் ஒன்று இருக்கிறது. நம் சூரியனை விட்டால் நமக்கு எல்லாவற்றிலும் ஸமீபத்திலுள்ள நக்ஷத்திரம் அதுவே. அதைச் சுற்றி ஒரு கிரஹம் ஓடுகிறது என்றும், அது நம் பூமியைப் போலக் கல்லும் மண்ணுமாக இருக்கக்கூடும் என்றும், தண்ணீர் உறைந்து போகாமலும் ஆவியாகி விடாமலும் நிற்பதற்குத் தக்க இடத்தில் அது இருக்கிறது என்றும் 2016-ம் வருஷத்தில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இதைக் கேட்ட எந்தக் குழந்தையும் உடனே ஒரு கேள்வி கேட்கும்: "அப்படியானால் அங்கே யாராவது இருக்கிறார்களா?"

பெரியவர்கள் சிரித்து மழுப்பிவிடுவது எளிது. ஆனால் இன்றைய வானநூலில் இதைக் காட்டிலும் பெரிய கேள்வி இல்லை. அதற்கு நேர்மையாக என்ன விடை கூறலாம் என்பதைத்தான் இங்கே ஆராயப் போகிறோம்.

புதுச்சேரியில் தெரிந்த புதுமை

இந்த நக்ஷத்திரக் குடும்பத்தின் கதையில் முதல் அத்தியாயம் நம் தமிழ் நாட்டுக் கடற்கரையில்தான் எழுதப்பட்டது என்பதை அறிந்தவர்கள் சிலரே. 1689-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், புதுச்சேரியில் வசித்து வந்த ழான் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், வானத்தில் தோன்றிய ஒரு வால் நக்ஷத்திரத்தைத் தமது தொலைநோக்கியால் கவனித்துக் கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் ஆல்பா ஸெண்டாரியின்மீதும் அவர் பார்வை சென்றது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அந்த நக்ஷத்திரம் உண்மையில் இரண்டு என்பதை அவர் கண்டார். இவ்விரண்டும் சுமார் 80 வருஷத்துக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன என்பது பின்னால் தெரிந்தது.

1832, 1833-ம் வருஷங்களில் ஆப்பிரிக்காவின் தென் கோடியிலுள்ள நன்னம்பிக்கை முனையில் இருந்த தாமஸ் ஹெண்டர்ஸன் இந்த நக்ஷத்திரத்தின் தூரத்தைக் கணக்கிடுவதற்கு வேண்டிய அளவுகளை எடுத்தார். 1839-ல் அவர் முடிவை வெளியிட்டார். நக்ஷத்திரங்கள் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதை மனிதன் உணரத் தொடங்கிய காலம் அது.

மூன்றாவது அங்கத்தினரின் வரவு 1915-ல் நிகழ்ந்தது. தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் நகரத்து வானிலை நிலையத்தில் இருந்த ராபர்ட் இன்னஸ், சில வருஷ இடைவெளியில் எடுத்த இரண்டு புகைப்படத் தகடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். மங்கலான ஒரு புள்ளி மட்டும் மற்ற நக்ஷத்திரங்களின் நடுவே சற்று இடம் பெயர்ந்திருந்தது. ஆல்பா ஸெண்டாரி நகரும் திசையிலேயே அதுவும் நகர்ந்திருந்தது. பிராக்ஸிமா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். லத்தீன் பாஷையில் "மிகவும் பக்கத்திலுள்ளது" என்று பொருள்.

பக்கம் என்றால் எவ்வளவு பக்கம்?

நாம் "பக்கத்து வீடு" என்று சொன்னதைக் கேட்டு யாரும் ஏமாந்து போகக் கூடாது. சூரியனிலிருந்து புறப்படும் ஒளி 8 நிமிஷத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் நம்மை வந்து அடைகிறது. பிராக்ஸிமாவிலிருந்து புறப்படும் ஒளியோ நம்மிடம் வந்து சேர 4 வருஷமும் 3 மாதமும் ஆகின்றன. மைல் கணக்கில் சொன்னால், சுமார் 25 லட்சம் கோடி மைல்.

எழுத்தில் பார்க்கும்போது இந்த எண் மனத்தில் பதிவதில்லை. மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும் ரெயில் ஒன்று, ஒரு ஸ்டேஷனிலும் நிற்காமல் இரவு பகலாக அங்கே செல்வதாக வைத்துக் கொள்வோம். அது போய்ச் சேர நாலே முக்கால் கோடி வருஷம் பிடிக்கும்! நம் பாரத நாட்டின் சந்திரயான்-3 விண்கலம் 2023-ம் வருஷம் ஜூலை 14-ந் தேதி புறப்பட்டு, ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரனின் தென் துருவத்தருகே இறங்கியதை நாம் எல்லோரும் பெருமிதத்தோடு கண்டோம். அந்தச் சந்திரன் இருப்பது 2,39,000 மைல் தூரத்திலேதான். 1977-ல் அமெரிக்கர்கள் அனுப்பிய வாயேஜர்-1 மணிக்குச் சுமார் 38,000 மைல் வேகத்தில் ஓடிக் கொண்டிருக்கிறது. அத்தகைய வேகத்தில் சென்றாலும் பிராக்ஸிமாவை அடைய 75,000 வருஷம் ஆகும்.

கோட்டை அடுப்பும் குமுட்டி அடுப்பும்

பிராக்ஸிமா எத்தகைய நக்ஷத்திரம்? வானநூலார் "சிவப்புக் குள்ளன்" என்று அழைக்கும் வகையைச் சேர்ந்தது அது. நம் சூரியனின் குறுக்களவில் ஏழில் ஒரு பங்கு. எடையில் எட்டில் ஒரு பங்கு. சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரி ஸென்டிகிரேட் வெப்பத்தில் தகதகக்க, இதன் மேற்பரப்பு சுமார் 2,700 டிகிரியில் செந்தணலாகக் கனிந்து கொண்டிருக்கிறது. மொத்தத்தில் இது வெளியிடும் சக்தி சூரியனுடையதில் சுமார் அறுநூறில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பகுதி கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர்களாகவே செல்கிறது.

சிறியவன் என்று இவனை ஏளனம் செய்வதற்கில்லை. நம் ஆகாச கங்கை மண்டலத்திலுள்ள நக்ஷத்திரங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்தச் சிவப்புக் குள்ளர்களே. ஆயினும் அவற்றில் ஒன்றையேனும் நாம் வெறுங் கண்ணால் காண முடியாது. தவிர, சிக்கனமாகச் செலவு செய்யும் குடும்பஸ்தனைப் போல், இவை தம்மிடமுள்ள எரிபொருளை மிகவும் நிதானமாகச் செலவழிக்கின்றன. நம் சூரியனின் ஆயுள் சுமார் 1,000 கோடி வருஷம் என்று மதிக்கிறார்கள். பிராக்ஸிமாவோ லட்சக்கணக்கான கோடி வருஷம் எரியும்.

கல்யாண வீட்டில் மூட்டும் கோட்டை அடுப்பின் பக்கத்தில் பத்தடி தூரத்துக்குள் நிற்க முடியாது. குமுட்டி அடுப்பில் குளிர் காய வேண்டுமானால் கிட்டத்தில்தான் உட்கார வேண்டும். சூரியனுக்கும் பிராக்ஸிமாவுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். நம் பூமி சூரியனிலிருந்து 9 கோடியே 30 லட்சம் மைல் தள்ளி நிற்கிறது. பிராக்ஸிமாவின் கிரஹமோ 45 லட்சம் மைல் தூரத்திலேயே உட்கார்ந்து குளிர் காய்கிறது. அவ்வளவு நெருங்கியிருந்தும், நாம் பெறும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் அதற்குக் கிடைக்கிறது.

காணாததைக் கண்டது எப்படி?

நக்ஷத்திரமே கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் கிரஹத்தை யார் எப்படிக் கண்டார்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உள்ளபடி சொன்னால், கிரஹத்தை இன்னும் ஒருவரும் நேராகப் பார்த்ததில்லை. அது நக்ஷத்திரத்தை ஆட்டி வைப்பதைத்தான் கண்டார்கள்.

குழந்தையின் இரு கைகளையும் பற்றிக் கொண்டு தட்டாமாலை சுற்றும் தகப்பனாரைப் பாருங்கள். குழந்தை பெரிய வட்டமாகச் சுற்றுகிறது; தகப்பனாரும் நின்ற இடத்திலேயே சிறிது அசைந்து கொடுக்கத்தான் செய்கிறார். அதே போல், கிரஹம் சுற்றும்போது நக்ஷத்திரமும் ஒரு சமயம் நம்மை நோக்கிச் சற்று வருகிறது. மற்றொரு சமயம் சற்று விலகிப் போகிறது. நம்மை நோக்கி வரும் ரெயிலின் ஊதல் கூர்மையாகவும் விலகிச் செல்லும்போது மந்தமாகவும் கேட்பது போல, நெருங்கும் நக்ஷத்திரத்தின் ஒளி சிறிது நீலப் பக்கமாகவும், விலகும்போது சிவப்புப் பக்கமாகவும் நகர்கிறது. அந்த நகர்ச்சியை அளந்து விட்டால், கிரஹம் இருப்பதும், அதன் எடையும், அது சுற்றும் காலமும் தெரிந்து விடுகின்றன.

இம்மாதிரி அசைவைக் கொண்டு வேற்றுச் சூரியனுக்குக் கிரஹம் உண்டு என்று ஊகித்தவர்களில் மிகவும் முந்திய ஒருவர் நம் சென்னையிலேயே இருந்தார். நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் நடத்தி வந்த வானிலை நிலையத்தின் தலைவராயிருந்த காப்டன் ஜேக்கப், 1855-ம் வருஷத்தில், 70 ஆபியூகி என்ற இரட்டை நக்ஷத்திரம் கணக்குப்படி நடக்காமல் சற்றுப் பிசகுவதைக் கண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரஹம் அதற்குக் காரணமாயிருக்கலாம் என்று எழுதினார். பிற்காலத்தாரின் கணக்குகள் அவர் முடிவை ஏற்கவில்லை. ஆனால் அவர் சென்ற வழி தவறான வழியன்று. அவர் கையிலிருந்த கருவிகள்தாம் அதற்குப் போதவில்லை. அந்தப் பழைய நிலையத்தைச் சேர்ந்த, தமிழ் எழுத்தும் பொறித்த கருங்கல் தூண் ஒன்று நுங்கம்பாக்கத்தில் இன்றும் நிற்கிறது.

ஜேக்கப் எழுதி 140 வருஷம் சென்ற பிறகு, 1995-ல், ஸ்விட்ஸர்லாந்து தேசத்து மிஷெல் மேயர், டீடியே கெலோ என்ற இருவர், சூரியனைப் போன்ற ஒரு நக்ஷத்திரத்துக்குக் கிரஹம் உண்டு என்பதை ஐயமற நிரூபித்தார்கள். அதற்காக 2019-ல் அவர்கள் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். இப்படி அறியப்பட்ட வெளிக் கிரஹங்கள் 2025-ம் வருஷத்தில் ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டன.

மனிதன் நடக்கும் வேகம்

பிராக்ஸிமாவின் விஷயத்தில் விஞ்ஞானிகள் மிகவும் எச்சரிக்கையாக இருந்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. 2012-ல் ஆல்பா ஸெண்டாரியின் இரட்டையில் ஒன்றுக்குக் கிரஹம் இருப்பதாக ஒரு செய்தி வெளியாகி உலகமெங்கும் பரபரப்பை உண்டாக்கியது. 2015-ல் அதே அளவுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், அது அளவெடுத்த முறையிலிருந்து பிறந்த மாயத் தோற்றமே என்று காட்டினார்கள்.

ஆகவே, ஸ்பெயின் தேசத்து காட்டலோனியாவைச் சேர்ந்த கில்லெம் அங்கலாடா எஸ்குடே என்பவரும் அவருடைய சகாக்களும் 2016-ம் வருஷத்து முதல் மாதங்களில் ஒரு காரியம் செய்தார்கள். தென் அமெரிக்காவில் சிலி தேசத்துப் பாலைவனத்தில், லா ஸில்லா என்ற மலையுச்சியில், சுமார் 8,000 அடி உயரத்தில் ஐரோப்பியர்களின் தொலைநோக்கி நிலையம் இருக்கிறது. அங்கே ஹார்ப்ஸ் என்ற கருவி, காற்றை நீக்கிய தொட்டிக்குள், சூடு குளிர் மாறாதபடி பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதைக் கொண்டு ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் பிராக்ஸிமாவை அளந்தார்கள். நக்ஷத்திரத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் மறுபடியும் ஏமாற்றி விடாதிருக்க, வேறு சில சிறு தொலைநோக்கிகள் அதே நாட்களில் அதன் பிரகாசத்தைக் காவல் காத்தன. முடிவு என்னவாகும் என்று தெரியாதபோதே, தாங்கள் செய்து வந்த வேலையை அவ்வப்போது பொது ஜனங்களுக்கும் தெரிவித்து வந்தார்கள்.

விடை தெளிவாகவே வந்தது. பிராக்ஸிமா 11.2 நாளுக்கு ஒரு முறை, மணிக்குச் சுமார் 3 மைல் வேகத்தில் நம்மை நெருங்கி, அதே வேகத்தில் விலகிக் கொண்டிருந்தது. மணிக்கு 3 மைல் என்பது கோவிலுக்குப் போய் வரும் ஒருவர் நடக்கும் வேகம்! 25 லட்சம் கோடி மைலுக்கு அப்பால் நடக்கும் அந்த நடையை மனிதன் அளந்து விட்டான். 2016 ஆகஸ்டு 24-ந் தேதி செய்தி வெளியாயிற்று. கிரஹத்துக்கு பிராக்ஸிமா பி என்று பெயர் சூட்டினார்கள். 2020-ல் இன்னும் நுட்பமான வேறொரு கருவியும் அதை ஊர்ஜிதம் செய்தது.

அங்கே பஞ்சாங்கம் எப்படி?

அந்தக் கிரஹத்தின் எடை நம் பூமியின் எடையைப் போல் குறைந்தது ஒன்றேகால் பங்குக்குச் சற்றுக் குறைவு. ஆகையால் அது வாயுக் கோளமாக இல்லாமல் பாறைக் கோளமாக இருக்கும் என்று ஊகிக்கிறார்கள். அதற்கு மேல் சொல்ல, அதன் பருமன் தெரிய வேண்டும். கிரஹம் நக்ஷத்திரத்தின் குறுக்கே சென்று மறைத்தால் அந்த நிழலைக் கொண்டு பருமனை அளக்கலாம். பிராக்ஸிமா பி நம் பார்வைக்கு அப்படிக் குறுக்கிடுவதில்லை.

அங்கே ஒரு வருஷம் என்பது நமக்கு 11 நாளும் சில மணி நேரமும்தான். நம் ஊரில் அறுபதாம் கல்யாணம் செய்து கொள்கிறவர், அவ்விடத்துக் கணக்கின்படி 1,950 வயதைத் தாண்டியவராவார்! வருஷம் இப்படிப் பறக்கப் பகல் மட்டும் நகரவே நகராது போலும். சந்திரன் எப்போதும் ஒரே முகத்தை நமக்குக் காட்டுவதைப் போல், அந்தக் கிரஹமும் தன் சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டிக் கொண்டிருக்கும் என்பது பலருடைய கருத்து. அவ்வாறானால் ஒரு பாதியில் என்றும் பகல். மறு பாதியில் என்றும் இரவு. இரண்டுக்கும் நடுவே, பொழுது புலர்வதும் சாய்வதும் இல்லாத நிரந்தர அந்தி. அந்த எல்லையில் நிற்பவனுக்கு, நம் சூரியனைப் போல் மூன்று பங்கு அகலமுள்ள செந்நிற வட்டம் அடிவானத்தில் அசையாமல் நிற்பது தெரியும்.

அங்கே காற்று இருந்தால், பகற் பக்கத்து வெப்பத்தை அது இராப் பக்கத்துக்குக் கொண்டு செல்லும், தண்ணீரும் நிற்கக்கூடும். காற்று இல்லாவிட்டால் ஒரு பக்கம் வறட்சி, மற்றொரு பக்கம் கடுங் குளிர். எல்லாம் அந்த ஒன்றைப் பொறுத்திருக்கிறது.

அண்டை வீட்டாரின் முன் கோபம்

இங்கேதான் கவலைக்குரிய செய்தி வருகிறது. பிராக்ஸிமா சாதுவான நக்ஷத்திரம் அன்று. திடீர் திடீரென்று பொங்கியெழும் சுபாவம் அதற்கு உண்டு. 2016 மார்ச்சு மாதத்தில் ஒரு முறை அதன் பிரகாசம் 68 மடங்கு உயர்ந்தது. 2019-ம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி நேர்ந்த மற்றொரு குமுறலின்போது, சில விநாடிகளுக்குள் அதன் புற ஊதாக் கதிர்கள் பதினாலாயிரம் மடங்கு பெருகின. இத்தகைய வெடிப்புகளை 45 லட்சம் மைல் தூரத்தில் நிற்கும் ஒரு கிரஹம் கோடிக்கணக்கான வருஷங்களாகத் தாங்கி வந்திருக்க வேண்டும். அதன் காற்றுப் போர்வை இன்னும் அதன்மேல் இருக்கிறதா, கிழித்தெறியப்பட்டு விட்டதா?

இது ஒரு கிரஹத்தைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. ஆகாச கங்கையின் நக்ஷத்திரங்களில் முக்கால் பங்கு சிவப்புக் குள்ளர்களே என்று மேலே சொன்னோம். அவற்றின் அருகே குளிர் காயும் கிரஹங்கள் காற்றை இழந்து மொட்டைப் பாறைகளாகத்தான் இருக்க வேண்டும் என்றால், உயிர் தழைக்கத் தக்க உலகங்களின் தொகை மிகவும் சுருங்கிப் போகும். தப்பிப் பிழைக்க வழி உண்டு என்றாலோ, அது கணக்கிலடங்காமல் பெருகும். 40 ஒளி வருஷ தூரத்தில் டிராப்பிஸ்ட்-1 என்ற மற்றொரு சிவப்புக் குள்ளனை ஏழு கிரஹங்கள் சுற்றுகின்றன என்பது 2017-ல் தெரிய வந்தது. அவற்றில் மிக உள்ளே இருக்கும் இரண்டை ஜேம்ஸ் வெப் விண் தொலைநோக்கியைக் கொண்டு சோதித்தார்கள். கனத்த காற்று மண்டலம் எதுவும் அவற்றில் தென்படவில்லை என்று 2023-ல் முடிவு வந்தது. இது நம்பிக்கைக்கு ஒரு பின்னடைவே. ஆனால் அவ்விரண்டும் பிராக்ஸிமா பியைவிட மிக அதிகமான வெப்பத்தில் வாடுபவை. ஆதலால் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

2019-ல் மற்றொரு வேடிக்கையும் நடந்தது. ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற ஊரிலுள்ள ரேடியோ தொலைநோக்கியில், பிராக்ஸிமாவின் திசையிலிருந்து வருவது போல ஒரு மெல்லிய ஸங்கேதம் பதிவாகியிருந்தது. "யாரோ கூப்பிடுகிறார்கள்" என்று முரசறைந்து விடுவது எவ்வளவு எளிது! ஆராய்ச்சியாளர்கள் அப்படிச் செய்யவில்லை. மீண்டும் மீண்டும் சோதித்து, அது நம் பூமியிலுள்ள கருவிகளால் உண்டான குறுக்கீடே என்று 2021-ல் தாங்களே வெளியிட்டார்கள். ஆசை ஒன்று சொல்ல, அத்தாட்சி வேறொன்று சொன்னால், அத்தாட்சியின் பக்கமே நிற்பதுதான் அறிவுக்கு அழகு.

நாம் போக முடியுமா?

2016 ஏப்ரலில் யூரி மில்னர் என்ற செல்வந்தரும், புகழ் பெற்ற விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கும் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். தபால் தலை அளவுள்ள கருவியை மெல்லிய பாயில் கட்டி, பூமியிலிருந்து லேஸர் ஒளியால் தள்ளி, ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கொடுத்து அனுப்புவது என்பது அது. அப்படிச் சென்றால் இருபத்தோரு வருஷத்தில் போய்ச் சேரலாம். அங்கே எடுத்த படம் திரும்பி வர நாலேகால் வருஷம். இன்று பள்ளிக்கூடத்தில் சேரும் குழந்தை, தன் முப்பது வயது வாக்கில் படத்தைப் பார்த்து விடலாம் என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் அந்தப் பாயும், அந்த லேஸரும் இன்னும் காகிதத்திலேயே இருக்கின்றன. இதற்கிடையே சிலி தேசத்தில் 39 மீட்டர் அகலமுள்ள கண்ணாடியோடு மிகப் பெரிய தொலைநோக்கி ஒன்று கட்டப்பட்டு வருகிறது. அதைக் கொண்டு கிரஹத்தின் ஒளியையே நேராகப் பிரித்தறிய முயலலாம்.

இந்தப் பூமி பாழாய்ப் போனால் அங்கே குடியேறி விடலாம் என்று சிலர் பேசுகிறார்கள். ரெயிலில் நாலே முக்கால் கோடி வருஷப் பிரயாணத்துக்கு அப்பால், காற்று உண்டோ இல்லையோ என்பதுகூட உறுதிப்படாத ஓரிடத்தை நம்பி, நீரும் நிழலும் உள்ள இவ்வீட்டைப் பராமரிக்காமல் விடுபவனைப் புத்திசாலி என்று நாம் சொல்ல மாட்டோம்.

சரி, குழந்தையின் கேள்விக்கு வருவோம். "அங்கே யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டால், "இருக்கிறார்கள்" என்றும் சொல்ல வேண்டாம், "இல்லை" என்றும் சொல்ல வேண்டாம். "அங்கே ஓர் உலகம் இருக்கிறது என்பதைக் கண்டு பிடித்து விட்டார்கள், அதில் காற்று இருக்கிறதா என்று தேடிக் கொண்டிருக்கிறார்கள், நீ பெரியவனானதும் விடை தெரிந்து விடலாம், அதைக் கண்டு பிடிப்பவன் நீயாகவும் இருக்கலாம்" என்று சொல்லுங்கள். பிறகு இன்னொன்றையும் சொல்லுங்கள். பிராக்ஸிமா பியில் நின்று ஒருவர் இரவு வானத்தைப் பார்த்தால், நம் சூரியனும் மற்ற நக்ஷத்திரங்களோடு ஒரு நக்ஷத்திரமாகத்தான் மின்னும். அதைச் சுற்றி ஒரு சிறு பூமி ஓடுகிறது என்பதும், அதில் ஒரு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துக் கொண்டு ஒரு குழந்தை கேள்வி கேட்கிறது என்பதும் அவருக்குத் தெரிய நியாயமில்லை.